அச்சில் தடவிய எண்ணெய்

இருபத்திரண்டு வருஷமாகக் கஸ்தூரி மண்ணை அரைத்துக்கொண்டிருக்கிறாள். மலேசியாவில், கூலாய் ஊரில் உள்ள மண் பரிசோதனைக் கூடத்தில் அதுதான் அவள் வேலை. சதுப்பு மண்ணை உலர்த்தி, ஒரு வகை உப்போடு சேர்த்து அரைத்து, இரும்பு அச்சில் அழுத்தினால் கண்ணாடி போல ஒரு சின்ன வில்லை வரும். அதில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், மட்கிய இலையும் வேரும் மண்ணுக்குள் என்னவாகிக் கிடக்கின்றன என்று இயந்திரம் கோடு வரைந்து காட்டும். படிப்பு ஐந்தாம் படிவத்தோடு நின்றுபோனவள்தான். ஆனால் கோட்டைப் பார்த்தே விஷயத்தைச் சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சேர்த்த கர்வம்தானே!

சென்ற அக்டோபரில் பெக்கோக்கிலிருந்து மண் வந்தது. தங்கை பிரேமலாவின் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையின் மண். பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலை அதில் எண்ணெய்க் கழிவை விடுகிறது என்று அந்த வரிசை வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். பிரேமலாவின் மகள் ரூபினிக்குக் கை முழுக்கச் சொறி.

"அக்கா, இன்னிக்காச்சும் பார்த்துடுவியா?" விடிந்ததும் பிரேமலாவின் போன்.

அன்று ஆயுத பூசைக்கு மறுநாள். அச்சு சுத்தமாக இருக்கிறதா என்று தெரிய, முதலில் வெறும் உப்பை மட்டும் அழுத்திப் பார்ப்பது வழக்கம். அவசரத்தில் கஸ்தூரி அதை விட்டுவிட்டாள். கோட்டில் எண்ணெய்க்கே உரிய மேடு பளிச்சென்று எழுந்தது. கூடத்தின் பொறுப்பாளர் டாக்டர் மஹ்மூதா அறிக்கை எழுத உட்கார்ந்தார். பெக்கோக்கில் ஒரே சந்தோஷம்.

மூன்றாம் நாள் கஸ்தூரி அச்சைக் கழற்றியபோது நல்லெண்ணெய் வாசம் அடித்தது. பூசையன்று அச்சுக்குப் பொட்டு வைத்த கையோடு, துரு ஏறாமலிருக்கட்டும் என்று விளக்குக்கு ஊற்றிய மிச்ச எண்ணெயை உள்ளே தடவியது அவளேதான். மறுநாள் துணியால் துடைத்ததோடு சரி. இப்போது வெறும் உப்பை அழுத்திப் பார்த்தாள். அதே மேடு.

வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? மத்தியானம் சோறு இறங்கவில்லை. எழுந்து போய்ச் சொல்லிவிட்டாள்.

"அலமாக், கஸ்தூரி!" மஹ்மூதா தலையில் கைவைத்துக்கொண்டார். "மிச்ச மண்ணு இருக்கா?"

"இல்ல டாக்டர். சாம்பல் டெஸ்டுக்குப் போட்டு எரிச்சாச்சு."

மறுபடி மண் எடுக்கப் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு வாரம் வெள்ளம் ஓடையை அலசிவிட்டுப் போனது. புது மண்ணில் எண்ணெய் இல்லை. அறிக்கையிலும் அப்படித்தான் எழுத முடிந்தது.

"அப்போ முன்னாடி இருந்துச்சா இல்லையாக்கா?" என்று கேட்டாள் பிரேமலா.

"தெரியலடி. இனிமே யாருக்கும் தெரியாது."

"ரூபினிக்குக் கை இன்னும் ஆறல. நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்லா."

பிரேமலா போனை வைத்துவிட்டாள். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று கஸ்தூரிக்கும் தோன்றாத நாளில்லை.