டோன் போடாத சேனல்

என் வயர்லெஸ் செட்டை ஊமையாக்கியது நீங்கள்தான். ரேடியோ கிளப்புக்குச் செயலாளராக இருந்த உங்களைத்தான் சொல்கிறேன். பெயரை எழுத மாட்டேன். படித்தால் உங்களுக்கே தெரியும்.

மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். தொண்ணூறுகளில் நான் ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தேன். என்னோடு குடும்பம் நடத்த முடியாது என்று மனைவி மதுரைக்குப் போய்விட்டாள். அவள் மேல் தப்பில்லை. எனக்குப் பேச வராது, திட்டத்தான் வரும். தொழிற்சாலையில் நாள் முழுக்க மெஷின் சத்தம். வீட்டுக்கு வந்தால் மின்விசிறிச் சத்தம். நடுவில் மனிதக் குரல் என்று ஒன்று கேட்டது, செட் வைத்து ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோவில்தான். பரீட்சை எழுதி, மோர்ஸ் தட்டி, லைசென்ஸ் வாங்கியிருந்தேன்.

அம்பத்தூரில் ஓர் உயரமான கட்டடத்தின் மேல் கிளப்பின் ரிப்பீட்டர் இருந்தது. எங்கள் கைச் செட்டிலிருந்து போகும் பலவீனமான சிக்னலை வாங்கி, திருவள்ளூர் வரை கேட்கும்படி அது திரும்ப அனுப்பும். தினமும் சாயங்காலம் எல்லோரும் அதில் கூடுவோம். நீங்கள் ஒவ்வொருவரையும் லைசென்ஸில் உள்ள அழைப்புக் குறியைச் சொல்லிக் கூப்பிடுவீர்கள். இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால், 'இல்லை' என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவீர்கள்.

அங்கே எனக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். நெமிலிச்சேரிக்காரர். பஸ் படிக்கட்டிலிருந்து விழுந்து இடுப்பு போனவர். அண்ணன் வீட்டு மாடியறையை விட்டு இறங்க மாட்டார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. கூட்டம் முடிந்ததும் என்னை மட்டும் கூப்பிடுவார்.

"இன்னா நைனா, இன்னிக்கு இன்னா கொழம்பு? ஓவர்."

நான் சொல்வேன். அதில் புளி ஜாஸ்தி, உப்பு கம்மி என்று ருசித்துப் பார்த்தவர் மாதிரி குறை சொல்வார். எனக்காக ஒருத்தர் காத்திருந்தார் என்றால் அது அவர் ஒருத்தர்தான்.

அப்புறம் டாக்சிக்காரர்களின் வயர்லெஸ் சிக்னல் ரிப்பீட்டருக்குள் புகுந்து தொல்லை கொடுத்தது. அதைத் தடுக்க டோன் வைத்தீர்கள். டோன் என்பது காதுக்கு எட்டாத ஒரு தாழ்ந்த முனகல். பேச்சோடு கூடவே போகும். அது இருந்தால் ரிப்பீட்டர் கதவைத் திறக்கும். இல்லையென்றால் நாம் தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே போகாது. ஆனால் மற்றவர்கள் பேசுவது நமக்கு நன்றாகக் கேட்கும்.

டோனைச் செட்டுக்குள் ஏற்றுவதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும். கிளப்பில் அது உங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் செட்டோடு வரச்சொன்னீர்கள். நெமிலிச்சேரிக்காரர் தன் செட்டை யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. சோப்பு டப்பாவுக்குள் அடைத்த சின்ன சர்க்யூட், அதிலிருந்து செட்டுக்கு ஒரு வயர். முதலில் செட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்குப் படித்து எடுக்க வேண்டும். அதை ஒரு நகல் வைத்துக்கொண்டு, பிறகு திருத்தி, திரும்ப எழுத வேண்டும். அதுதான் முறை. நீங்கள் படிக்கவே இல்லை. ஒரே ஃபைலை வைத்துக்கொண்டு, வந்த செட்டில் எல்லாம் எழுதிக்கொண்டே போனீர்கள். பட்டாபிராம்காரர் ஒருவரின் செட் வேறு மாடல். உங்கள் ஃபைலை எழுதியதும் அது செத்துவிட்டது.

நான் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். "படிக்காம எழுதுறதுக்கு உங்க வீட்டுக்கு எதுக்கு வரணும்? கல்லத் தூக்கிச் செட்டு மேல போட்டா முடிஞ்சிச்சே."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. என் செட்டைக் கடைசியில் எடுத்தீர்கள். அதுவும் ஏலத்தில் வாங்கிய வேறு மாடல்தான். அந்த மாடலுக்கு உள்ள சாஃப்ட்வேர் பிளாப்பியைத் தேடிப் போட்டு, முறைப்படி படித்து, என்னவோ தட்டி, எழுதிக் கொடுத்தீர்கள். உங்கள் முதுகு திரையை மறைத்தது. நானும் எட்டிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் என் அழைப்புக் குறியைக் கூப்பிட்டீர்கள். நான் பதில் சொன்னேன். 'இல்லை' என்றீர்கள். சிக்னல் போவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது, பேட்டரி புதிது. மறுபடி பட்டனை அழுத்திப் பேசினேன். நீங்கள் அடுத்தவருக்குப் போய்விட்டீர்கள். கூட்டம் முடிந்து நெமிலிச்சேரிக்காரர் என்னைக் கூப்பிட்டார். அவருக்கும் கேட்கவில்லை.

மறுநாளே சைக்கிளை மிதித்து உங்கள் வீட்டுக்கு வந்தேன். டோன் போட்டீர்களா என்று கேட்டேன். கேட்டைக்கூடத் திறக்காமல் உள்ளே நின்று பதில் சொன்னீர்கள்.

"போட்டாச்சு. உன் ஏரியல் மட்டம். ஒசத்திக் கட்டு."

இன்னொரு முறை கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கச் சொன்னேன். அது ரிப்பேர் என்றீர்கள். பிளாப்பியை நகல் எடுக்கக் கேட்டேன். கிளப் சொத்து என்றீர்கள்.

இரும்புக் குழாய் வாங்கி ஏரியலை உயர்த்தினேன். கேபிளை மாற்றினேன். கீழ்வீட்டுக்காரர் இடி விழும் என்று சண்டைக்கு வந்தார். ஒன்றும் ஆகவில்லை. தினமும் செட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நெமிலிச்சேரிக்காரர் கூப்பிடுவார், கொஞ்சம் காத்திருப்பார், மறுபடி கூப்பிடுவார். நான் இங்கே இன்றைக்கு இன்ன குழம்பு என்று கத்திக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டில் பையனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஒரு நாள் அவர் உங்களிடமே என்னைப் பற்றி விசாரித்தார். நீங்கள் ரிப்பீட்டரில், எல்லோரும் கேட்கச் சொன்னீர்கள்:

"அவர் ஹாபியே வேணாம்னு வுட்டுட்டார். செட்ட விக்கிறாராம்."

நான் பட்டனை அழுத்தி, இருக்கிறேன் இருக்கிறேன் என்றேன். அவருக்குக் கேட்டது உங்கள் குரல் மட்டும்தான். "ஒரு வார்த்த சொல்லாம பூட்டாரே" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. நேரில் போய்ச் சொல்லலாம் என்றால் அவர் வீடு எது என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் அவர் குரலே வரவில்லை.

பூந்தமல்லியில் கம்ப்யூட்டர் வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் பாய் ஒருவர் எங்கள் கிளப்பில் இருந்தார். என் செட் மாதிரியே ஒன்றைப் புதிதாக வாங்கியிருக்கிறார், சாஃப்ட்வேரும் சேர்ந்து வந்திருக்கிறது என்று அவர் ரிப்பீட்டரில் பேசியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் முழித்தார்.

"இன்னா அண்ணாத்தே, செட்ட வித்துட்டேன்னு சொன்னாங்கோ?"

செட்டை அவர் கையில் கொடுத்தேன். வயரை மாட்டிப் படித்தார். திரையில் செட்டில் பதிந்திருந்த சேனல்கள் வரிசையாக வந்தன. மற்ற சேனல்களில் டோன் இருந்தது. யாரும் பேசாத, எனக்கு எதற்கும் உதவாத சேனல்களில்கூட இருந்தது. அம்பத்தூர் ரிப்பீட்டர் சேனலில் மட்டும் டோன் எண் இருக்க வேண்டிய கட்டம் காலி. பாய் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எண்ணைத் தட்டி எழுதிக் கொடுத்தார். அவர் கடை வாசலிலேயே அழுத்தினேன். ரிப்பீட்டர் திறந்துகொண்டது.

யாரையும் கூப்பிடவில்லை. சிநேகிதரின் அண்ணன் வீட்டு முகவரியைப் பாயிடம் வாங்கிக்கொண்டு நேராக நெமிலிச்சேரிக்குப் போனேன். மாடியில் ஏரியல் இல்லை. கம்பி கட்டிய தடம்தான் கைப்பிடிச் சுவரில் இருந்தது. வாசலில் இருந்த அம்மாள், அவர்கள் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு வடக்கே எங்கோ போய்விட்டதாகச் சொன்னார். எந்த ஊர் என்று தெரியவில்லை. செட்டை என்ன செய்தார் என்று கேட்டேன்.

"இனிமே யாராண்ட பேசறதுன்னு கேட்டு, எடைக்கி போட்டுட்டாருப்பா."

அவர் இருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கூப்பிட்டு நான் பதில் சொல்லாமல் இருந்தேன் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார். இதை எப்படி அவரிடம் கொண்டு சேர்ப்பது? நான் எழுதுவது அவர் கைக்குப் போகாது. நீங்கள் சொன்னால் ஒருவேளை யார் மூலமாவது போகும். நீங்கள் சொன்னதைத்தானே அவர் நம்பினார்.

கிளப்பின் ஆண்டுக் கூட்டம் இன்னும் நடக்கிறது, உங்களுக்கு இன்னும் மேடையில் நாற்காலி போடுகிறார்கள் என்று கேள்வி. என் வீட்டுக்கு வந்து தனியாகப் பேச வேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம். அந்த மேடையில் எழுந்து நின்று, மைக்கில், எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். அந்த ஒரு கட்டத்தை மறந்துபோய்க் காலியாக விட்டீர்களா, தெரிந்தே விட்டீர்களா? நான் ஹாபியை விட்டுவிட்டேன் என்று உங்களிடம் யார் சொன்னது?