கடைவாசலில் கலையரசி கட்டிய மூன்று நிறம்

பிறந்த வருசமே வந்த வயிற்றுப்போக்கை ஜெயித்தவள் கலையரசி. தோட்டத்துக் கூலிக்காரர்களின் லய வீட்டில், ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே ஒவ்வொரு மழைக்காலத்தையும் ஜெயித்து வளர்ந்தாள். குடித்துவிட்டு வந்து கதவை உதைத்த புருசனை ஒரே ஒரு தடவை திருப்பி உதைத்தாள். அப்புறம் அவன் அந்த லயத்துப் பக்கமே வரவில்லை. பொம்பளை ஏணியில் ஏறினால் வியாபாரத்துக்கு ஆகாது என்று சொன்ன போடி கடைவீதியை, அதே ஏணியின் உச்சிப்படியில் நின்று ஜெயித்தாள். பிறகு அந்தக் கடைக்காரர்களே, ஆடி பிறந்ததும் அவளைத் தேடி ஆள் விட்டார்கள். அவள் ஜெயிக்காதது பள்ளிக்கூடம் ஒன்றைத்தான். வாசலுக்கே அனுப்பாத பிள்ளை தோற்றது என்று எப்படிச் சொல்வது என்பாள் அவளுடைய அக்கா செல்லக்கிளி.

அப்பாவும் அம்மாவும் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனபோது மூத்தவளைச் சிலமலையில் மாமா வீட்டில் விட்டார்கள். பால்குடி மறக்காத இளையவளை இடுப்பில் தூக்கிக்கொண்டார்கள். செல்லக்கிளி எட்டாம் வகுப்புவரை படித்தது அப்படித்தான். கலையரசி மேலே மற்றவர்களின் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டினாள். கை எட்டியதும் காய் எடுத்தாள். ரேஷன் கடை என்றாலும் பேங்க் என்றாலும் அவளுக்குக் கட்டைவிரல்தான். விரலில் ஒட்டிய மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, “எல்லாருக்கும் பேரு எழுத்துல இருக்கு. எனக்கு மட்டும் நீலக் கலருல இருக்குக்கா” என்று சிரிப்பாள்.

புருசன் போன பிறகு மலையிலிருந்து இறங்கி அக்கா வீட்டோடு வந்துவிட்டாள். செல்லக்கிளிக்குப் போடியில் ஓர் ஏலக்காய்ச் சரக்குக் கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கும் வேலை. பக்கத்துத் தெருவில் கமருதீன் பாயின் ஜவுளிக்கடை. அங்கே கூட்டிப் பெருக்கத் தங்கச்சியைச் சேர்த்துவிட்டாள்.

ஒரு சுதந்திர தினத்துக்கு முந்தின நாள், பாய் பிளாஸ்டிக் தோரணம் வாங்கிவந்து வாசலில் உயரக் கட்டச் சொன்னார். கலையரசி விளக்குமாற்றைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றாள்.

“என்ன ஆத்தா வேடிக்கை? சோலியைப் பாரு.”

“நான் ஒருத்திதான் பாய் பாக்குறேன். தெருவுல போற ஒருத்தரும் அண்ணாந்து பாக்கலையே.”

“அதுக்கு? ஒவ்வொருத்தன் தாடையையும் பிடிச்சுத் தூக்கிவிடவா?”

“பிள்ளைக உசரத்துக்குக் கட்டுங்க பாய். பிள்ளை நின்னா ஆத்தாக்காரி நிப்பா. நின்னவ உள்ள வராமலா போயிருவா?”

பாய்க்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விட்டார். விலைபோகாமல் கிடந்த ரவிக்கைத் துணிகளில் காவி, வெள்ளை, பச்சை என்று பிரித்தெடுத்து, விசிறி மடிப்பாக மடித்து, தூணுக்குத் தூண் வரிசையாகக் கட்டினாள் கலையரசி. நடுவில் ஒரு பிள்ளை நிற்கிற அளவுக்கு மட்டும் இடம் விட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடங்களில் கொடியேற்றம் முடிந்தது. நெஞ்சில் குத்திய கொடியும் வாயில் மிட்டாயுமாகப் பிள்ளைகள் கடைவீதி வழியே வந்தார்கள். ஒரு பிள்ளை அந்த இடைவெளியில் போய் நின்றது. அதன் அப்பா போனை எடுத்தார். பிறகு அங்கே வரிசையே நின்றது. படம் எடுத்து முடித்த தாய்மார்கள் மடிப்பைத் தொட்டுப் பார்த்தார்கள். “இதே பச்சையில சேலை இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே படி ஏறினார்கள். ஆடி முடிந்து ஆவணி பிறக்கிற நேரம் அது. லீவு நாளாயிற்றே என்று கல்யாண வீட்டுக்காரர்கள் சிலமலையிலிருந்தும் பொட்டிபுரத்திலிருந்தும் வந்திருந்தார்கள். எந்தக் கடை என்று முடிவு செய்யாமல் வந்தவர்களுக்கு, தங்கள் பிள்ளை நின்ற கடையே கடையாகிவிட்டது. விலைபோகாத ரவிக்கைத் துணிகூட வாசலில் இருந்தபடியே விற்றது.

அடுத்த வருசம் பேக்கரி கூப்பிட்டது. அதற்கடுத்து செல்போன் கடை, பாத்திரக் கடை, மருந்துக்கடை. பாத்திரக் கடைக்குப் பாத்திரத்தையே அடுக்கினாள்; பேக்கரிக்கு ரொட்டித் தட்டுகளைச் சாய்த்து நிறுத்தினாள். கடையில் இருப்பதைக் கொண்டே கடையை அலங்கரிக்க வேண்டும், அப்போதுதான் பார்க்க வந்தவர் வாங்குவார் என்பது அவள் கணக்கு. கூடவே சில கறாரான விதிகளும் உண்டு. கொடியைத் தொடக்கூடாது, நிறம் மட்டும்தான். தரையில் ஒரு நூல்கூட இழுபடக்கூடாது. பதினைந்தாம் தேதி பொழுது சாய்வதற்குள் அத்தனையும் இறங்கிவிட வேண்டும். மறுநாள் சாக்கடையில் தோரணம் கிடந்தால் அவளுக்கு வயிறு எரியும். “கழட்டி மடிச்சு வைக்கிற வரைக்கும்தாண்ணே அலங்காரம்” என்று கடைக்காரர்களிடம் சொல்லிவிட்டுத்தான் ஏணியைத் தூக்குவாள்.

கடைவீதியில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. “பாய் மூளையே மூளை”, “பேக்கரிக்காரருக்கு என்னா ரசனை!” என்றார்கள். கலையரசி ஏணிக்குக் கீழே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

“அக்கா, சட்டை தைக்கிறவன் காலருக்குள்ள பேரைத் தைக்கிறான். வண்டிக்குப் பெயிண்டு அடிக்கிறவன் மூலையில பேரு போடுறான். எனக்கு ஒரு மூலை கிடைக்காதா?”

“பேரு போட்டா சம்பளம் கூடுமாக்கும்?”

“நான் செத்தா இதைக் கட்டுனவ யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாதுக்கா.”

“வாயைக் கழுவுடி” என்று அதட்டினாள் செல்லக்கிளி.

பாயிடம் ஒவ்வொரு வருசமும் கேட்டாள். பாய் நல்ல மனிதர்தான். ஆனால் கடைப் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரா என்று ஒரு தயக்கம். “அடுத்த வருசம் பாக்கலாம் தங்கச்சி” என்றே காலம் போனது.

2024-இல் கடைவீதி வியாபாரிகள் சேர்ந்து, நல்ல அலங்காரத்துக்கு ஒரு கேடயம் என்று அறிவித்தார்கள். பதினைந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குப் பெரிய ஏலக்காய் வியாபாரிகள் கடை கடையாக வந்து பார்ப்பார்கள். கலையரசிக்கு உடனே ஒரு யோசனை. போடி என்றால் ஏலக்காய்தானே? மூங்கில் தட்டியில் துணி இழுத்துக் கட்டி, காவியும் வெள்ளையும் துணியில், பச்சை மட்டும் ஏலக்காயில். செல்லக்கிளி வேலைபார்த்த கிட்டங்கிக்காரர் முதல் தரக் காயையே கொடுத்தார். அக்காவும் தங்கச்சியும் உட்கார்ந்து, மைதாப் பசையில் ஒவ்வொரு காயாக ஒட்டினார்கள். முடிந்தபோது தட்டி புது வெல்வெட் மாதிரி இருந்தது. தெருவே மணத்தது.

கலையரசி அதைக் கடைக்குள்ளே, நிழலில் வைக்கத்தான் நினைத்திருந்தாள். பாய் ஒப்பவில்லை.

“உள்ள வச்சா யாரு பாப்பா? பிள்ளைக நிக்கிற இடத்துல இருக்கணும்னு நீதானே சொல்லிக்கொடுத்த?”

“வெயிலு பட்டா காய் வெளுத்துரும் பாய்.”

“ஒரு நாளுதானே? சரி, கேளு. இந்த வருசம் அதுக்குக் கீழ உன் பேரு. பிரிண்டு அடிக்கச் சொல்லிரவா?”

கலையரசி தட்டியின் அடியை விரலால் அளந்து பார்த்தாள். பிறகு, “பிரிண்டு வேணாம் பாய். நானே எழுதுறேன்” என்றாள். உனக்கு எழுதத் தெரியாதே என்று கேட்க வாயெடுத்த பாய், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டார்.

செல்லக்கிளியும் வெயிலைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். கலையரசி மேற்கே கையைக் காட்டினாள். மலை முழுக்க மேகம் மூடிக் கிடந்தது. “இம்புட்டு மேகம் கெடக்கு. நாளைக்கு எங்கிட்டுக்கா வெயிலு?” மலையில் பாதி வாழ்க்கை இருந்தவள், மேலே மேகம் மூடினால் எங்கும் மூடும் என்று நினைத்துவிட்டாள்.

தட்டியை வாசலில் ஏற்றிய பிறகு, கடைத் தரையில் சம்மணம் போட்டு, ஒரு மரப்பலகையில் வெள்ளைப் பெயிண்டால் தன் பெயரை எழுதினாள். கடைகளுக்குத் தெர்மாகோலில் எழுத்து வெட்டிக் கொடுத்தே அவளுக்கு எழுத்துகளின் வளைவு கைவந்திருந்தது. எது எந்த ஓசை என்பதை மட்டும் அங்கங்கே கேட்டு வைத்திருந்தாள்.

“லை எங்க பிடிச்ச?” என்றாள் செல்லக்கிளி.

“விலைப் பட்டியல்ல.”

“சி? அரிசிக்கடையில திருடுனதா?”

“பின்ன? அங்க வரிசையில நின்ன நேரத்துக்கு ஒரு எழுத்தாச்சும் தர வேணாமா?”

பெயருக்குக் கீழே, சுவர்க் காலண்டரைப் பார்த்துத் தேதியையும் போட்டாள். எண்கள் அவளுக்குக் காய் எடைபோட்ட பழக்கத்தில் தெரிந்தவைதான். “இது எதுக்குடி?” என்று கேட்டதற்கு, “கையெழுத்துன்னா தேதி போடணும்க்கா. பேங்க்ல பாத்திருக்கேன்” என்றாள். எழுந்து, எட்ட நின்று பார்த்தாள். அப்படி ஒரு முகத்தைச் செல்லக்கிளி அதற்கு முன்னால் தங்கச்சியிடம் பார்த்ததில்லை.

மறுநாள் மேகம் மலையிலேயே நின்றுவிட்டது. ஊருக்குள் காலையிலிருந்தே சுள்ளென்று வெயில். ஏலக்காய்த் தட்டி முன்னால் கூட்டம் நெரிந்தது. கடைக்குள்ளே துணி விரிக்க ஆள் போதவில்லை. பாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. உச்சி நேரத்தில் கலையரசி கூட்டத்தை விலக்கி வந்து தட்டியைக் கிட்டத்தில் பார்த்தாள். காயின் பச்சையில் லேசாக மஞ்சள் ஓடியிருந்தது.

“யாருக்குடி தெரியப்போகுது?” என்றாள் செல்லக்கிளி.

“உனக்குத் தெரியுதுல்ல? சாயங்காலம் வர்றவுக அத்தனை பேரும் ஏலக்கா யாவாரிக. ஒரு பார்வை போதும்.”

“போன வருசம் பேக்கரியில காவி சாயம் போச்சு. விட்டுட்டுத்தானே வந்த?”

“போன வருசம் கீழ என் பேரு இல்லையே.”

கிட்டங்கி பூட்டிக் கிடந்தது, முதலாளி வெளியூரில். கலையரசிக்குத் தான் முன்பு வேலைபார்த்த தோட்டம் ஞாபகம் வந்தது. அங்கே செடியில் புதுக்காய் இருக்கும். காயோடு நாலு சரம் ஒடித்துவந்து தட்டியின் மேல் தொங்கவிட்டால் அதற்கு மேல் ஒரு பச்சை ஏது? தோட்டங்களுக்குச் சாமான் கொண்டுபோகும் சுருளியின் ஜீப்பு அரிசி லோடு ஏற்றி மேலே கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

“வெரசா வந்துர்றேன்க்கா. பலகையை மட்டும் பாத்துக்க. பிள்ளைக கைய வச்சுரும்” என்று ஜீப்புக்குள்ளிருந்து கத்தினாள்.

செல்லக்கிளி பலகைக்குப் பக்கத்திலேயே நின்றாள். ஐந்து மணிக்கு வியாபாரிகள் வந்தார்கள். பாய் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, “இந்தா வந்துரும் என் தங்கச்சி, பச்சை எடுக்கப் போயிருக்கு” என்று நிறுத்திவைத்தார். அப்போதுதான் போன் வந்தது. பேசியவர் பின்னால் வந்த இன்னொரு ஜீப்புக்காரர். இறங்கும் வழியில் காற்றும் மழையும். ஒரு வளைவில் மரம் முறிந்து சுருளியின் ஜீப்பின் பின்பாதிமேல் விழுந்திருந்தது.

சுருளி கை எலும்பு முறிந்து பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் செல்லக்கிளியைக் கண்டதும் குழந்தை மாதிரி அழுதார். “முன்னால உக்காரு ஆத்தான்னு எத்தனையோ சொன்னேன். சரம் நசுங்கிரும்ணேன்னு பின்னாலயே உக்காந்துக்கிருச்சு. மடியில வச்சுப் பிடிச்சுக்கிட்டே வந்துச்சு.”

கலையரசி போய்விட்டாள். சரங்களில் ஒரு காய்கூட உதிரவில்லை.

மறுநாள் உடலை எடுத்துப் போகும் முன்பே கமருதீன் பாய் சிலமலைக்கு வந்தார். முழங்கால் வலிக்காரர். கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய பலகை. செல்லக்கிளி முன்னால் நின்று, “பொழுது சாயறதுக்குள்ள நானே ஏணியில ஏறி இறக்கிட்டேன் ஆத்தா. ஒரு நூலு தரையில படல” என்றார். பலகையை அவள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். செல்லக்கிளி அந்தச் சரங்களைத் தங்கச்சியின் கைப்பக்கத்தில் வைத்தாள். அந்தப் பச்சை அப்போதும் அப்படியே இருந்தது.

கேடயம் பேக்கரிக்குப் போனது. அந்த ரொட்டித் தட்டு அடுக்கும் கலையரசி கட்டியதுதான். அதில் யார் பெயரும் இல்லை. அடுத்த சுதந்திர தினத்துக்குக் கடைவீதி முழுக்கப் பிளாஸ்டிக் தோரணம் மறுபடியும் தலைக்கு மேலே ஏறிவிட்டது. பிள்ளைகள் மிட்டாயைச் சப்பிக்கொண்டு நிற்காமல் நடந்தார்கள். பாய் மட்டும் தன் கடைவாசலில் எதையும் கட்டவில்லை. பிள்ளை நிற்கிற அந்த இடத்தை மட்டும் கூட்டி, தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்.

பலகை செல்லக்கிளி வீட்டில், உள்ளே நுழைந்ததும் தெரிகிற சுவரில் இருக்கிறது. வெயில் படாத சுவர். அவள் தினமும் அதைத் துடைப்பாள். எழுத்தின்மேல் துணியை அழுத்தமாட்டாள். லை கொஞ்சம் பெரிசு, சி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பார்க்க வருகிறவர்களிடம், “என் தங்கச்சி கையெழுத்து” என்பாள். வாசிக்கத் தெரிந்தவர்கள் பெயரை வாசித்துவிட்டு நிறுத்தினால், கீழே இருப்பதையும் வாசிக்கச் சொல்வாள். அதையும் கலையரசிதான் எழுதினாள்:

14.8.2024.