ஏலக்காரர் விற்ற பைக்

காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் விடுகிறவர் அவர். ஒல்லியான, கறுத்த ஆள். தோளில் கிடக்கும் துண்டால் பைக்கின் டேங்கைத் துடைத்துவிட்டுத்தான் ஏலத்துக்கு வருவார். தூரப் பயணத்துக்கென்றே வந்த 225 சிசி ஸ்போர்ட்ஸ் பைக் அது. அதன் பிஎச்பி, டார்க் என்கிற இன்ஜின் கணக்கெல்லாம் பத்திரிகைகளில் படித்து எனக்கு மனப்பாடம். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வண்டி அவருடையது. நான் 100 சிசியில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு கோட்டுச்சேரியிலிருந்து மீன் வாங்கப் போகிறவன்.

ஒருநாள் அவரே கேட்டார். "நாலு வண்டிய ஒப்பிட்டுப் படிக்கிறவரு நீங்க. இது எப்படிங்க?"

"பவர் இருக்குங்க. ஆனா தூரம் போனா முதுகு போயிடும். குடுத்த காசுக்குத் தேறாது" என்றேன்.

பவரைத் தவிர மற்றதெல்லாம் பொய். அந்த விலைக்கு அவ்வளவு சுகமான வண்டி வேறு கிடையாது.

ஏலத்தில் வாய்விட்டுச் சொன்ன விலையை யாரும் திரும்ப எடுப்பதில்லை. அவர் என் பேச்சையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் அதை விற்றுவிட்டு என்னுடையதைப் போலவே ஒரு 100 சிசியில் வந்து இறங்கினார்.

"நீங்க சொன்னது சரிதாங்க. இப்ப முதுகுவலியே இல்ல" என்றவர், துண்டை எடுத்து டேங்கை அதே அக்கறையோடு துடைத்தார்.

அதே 100 சிசிதான். அதைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது.