ராணியைக் கூப்பிட்டவள்

எங்கள் கோவில் திருவிழாவில் வருஷம் தவறாமல் ஒரே நாடகம்தான். அந்தக் காலத்துத் தமிழ் இளவரசி ஒருத்தி இங்கே பர்மாவில் பெகு ராஜாவுக்கு வாழ்க்கைப்பட்டுக் கப்பலேறி வருவாள். வந்த மறுவருஷமே தலைப்பிரசவத்தில் செத்துப்போவாள். ராஜாவுக்கு மேடையில் நீட்டி முழக்க ஏகப்பட்ட வசனம் உண்டு. பட்டத்து ராணிக்கு அழுவதைத் தவிர வேறு வேலை கிடையாது, பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளை அவள்.

ஒரு வருஷம் அந்த வேஷம் என் மகளுக்கு வந்தது. என் கல்யாணத்துக்கு நான் கட்டிய பர்மாப் பட்டு லுங்கியைப் பிரித்து நானே உடை தைத்தேன். தின்கன்ஜூனில் எங்கள் வீட்டுக் கூடத்தில், முகத்தில் பூசிய தனக்கா மரப்பட்டைச் சாந்து காயக் காய ஒத்திகை பார்த்தாள். இளவரசி கப்பலேறும் இடம் வந்ததும் நின்றுவிட்டாள்.

“ஏம்மா, பெத்தவ கரையிலயே நிக்கிறாளே, ஒரு தடவ கூப்பிடக்கூடாதா?”

“பொறப்பட்டவங்கள பின்னாலேருந்து கூப்பிடக்கூடாதுடி. போற காரியம் விளங்காது.”

“கூப்பிடாமத்தானே விட்டா? அப்பவும் அவ செத்துத்தானே போனா?”

வாயாடி. “வசனத்தைப் படி” என்று அதட்டினேன். பதில் தெரியாதபோது நான் அப்படித்தான்.

பட்டாளத்துக்கு ஆண் பெண் பார்க்காமல் ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் வயதுப் பிள்ளைகள் இருந்த வீடெல்லாம் நடுங்கிப்போனது. என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா, மலேசியாவில் ஒரு மாப்பிள்ளை பார்த்தார். நல்ல பையன், அவனைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவசரமாகத் தாலி கட்டி, அவசரமாக விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனோம்.

பெட்டியைத் தள்ளிக்கொண்டு அவள் கண்ணாடிக் கதவை நோக்கி நடந்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. “தமீ!” என்று கத்திவிட்டேன். பர்மாக்காரத் தாய்மார்கள் மகளைக் கூப்பிடுவதுபோல்தான் வீட்டில் நானும் அவளைக் கூப்பிடுவேன்.

பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “நாடகத்துல இது கெடையாதே” என்றாள் காதுக்குள். அழுதுகொண்டே சிரித்தாள்.

நாத்தனார் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டார். “போற பிள்ளைய இப்படியா கூப்பிடுவ?”

மறுவருஷம் பிரசவத்தில் அவள் போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. எனக்குப் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனதைக் கைப்பேசியில்தான் பார்த்தேன்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் நாத்தனார் சொன்னார்: “அன்னிக்குக் கூப்பிட்டாளே, அப்பவே நெனச்சேன்.” ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. சண்டை போட எனக்கும் தெம்பில்லை.

இந்த வருஷமும் நாடகம் நடந்தது. வேறொரு வீட்டுப் பெண் ராணி. உடை நான் தைத்ததுதான். கப்பல் கிளம்பும்போது மேடையில் தாய் வேஷக்காரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நாத்தனார் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மெதுவாகத்தான் சொன்னேன்.

“அண்ணி, அந்தம்மா கூப்பிடல. அவ மகளும்தான் சாகப்போறா. நான் கூப்பிட்டேன். எம்பிள்ள மொகத்த இன்னொரு தடவ பாத்தேன்.”