பி.இ. சொன்ன ஒரு மணி நேரம்

மந்தைவெளியில் மாடி அறைக்குக் குடிவந்த மூன்றாம் நாள் காலை செம்பியன் கதவைத் திறந்தபோது, கையில் தோசைக் கரண்டியோடு ஒரு பெண் நின்று கதவில் இருந்த பெயர்ச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். ‘செம்பியன், பி.இ.’ என்று அவனே அச்சடித்து வாங்கி ஒட்டிய சீட்டு.

“சார், இந்த பி.இ. கம்ப்யூட்டரா, கரண்ட்டா?”

“எலெக்ட்ரிகல்ங்க. ட்ரிபிள் ஈ.”

“அப்போ சரி. நான் கீழ் வூடு, ஜெயபாரதி. பீஸ் போச்சுன்னா உன்னதான் கூப்டணும்.”

அன்றிலிருந்து அவளுக்கு அவன் பி.இ.தான். மாடிப்படியில் பார்த்தால், “இன்னா பி.இ., துன்னுட்டியா?” என்பாள். அவனுக்கு அது இனித்தது. திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அவன் தெருவிலேயே அவன்தான் முதல் பட்டதாரி. பம்பு செட் மனுவானாலும் ஆஸ்பத்திரிச் சீட்டானாலும் அவனிடம்தான் கொண்டுவருவார்கள். தெரியாது என்று யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அப்பா தலைகுனிவார் என்று ஒரு பயம். நந்தனத்தில் அவன் பார்த்த வேலையோ இன்சூரன்ஸ் மனுக்களைக் கணினியில் ஏற்றுவது. கல்லூரியை விட்டபின் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக்கூடத் தொட்டதில்லை. கீழ் வீட்டுக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை என்று இருந்துவிட்டான்.

ஜெயபாரதிக்கு முப்பத்துநாலு வயது. சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள். அம்மா மீன் விற்றுக்கொண்டே மகளை டைப்ரைட்டிங் வகுப்புக்கு அனுப்பினாள். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் முடித்தாள். கணக்கில்தான் பத்தாவது போய்விட்டது. ஆனால் அவள் சோறு தின்றது கணக்கால். அபிராமபுரத்தில் ராம்குமார் என்பவர் நடத்திய டியூஷன் சென்டருக்கு ஆறு வருடமாகக் கணக்கு வினாத்தாள் அடித்துக் கொடுத்துவந்தாள். கையெழுத்தில் வரும் தாளைப் பார்த்து, வேர்க்குறியும் தொகையீட்டுக் குறியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, கோலம் போடுகிறவள் மாதிரி இழைத்துக்கொண்டு போவாள். அர்த்தம் தெரியாது. ஆனாலும், “சார், நாலாவது கொஸ்டின்ல ஒரு பிராக்கெட் தொறந்து வுட்டுக்கினு போய்ட்டீங்க, மூடல,” என்று போனில் சொல்வாள். அவள் சொன்னது தப்பியதில்லை.

“கணக்குல இருபத்திரண்டு எடுத்தவ நானு. நான் அடிச்ச பேப்பர்ல டியூஷன் புள்ளைங்க நூறு எடுக்குதுங்க. சிரிப்பா இல்ல?” என்பாள்.

சமையல் மேடைக்குப் பக்கத்திலேயே கணினி. பழைய பெட்டி. மழைக்காலத்தில் கரண்ட் வெட்டிவெட்டி வந்ததில் இரண்டு முறை தாள் பாதியில் அழிந்தது. ஒரு யூ.பி.எஸ். வாங்கிவிடுவது என்று முடிவு செய்து, செம்பியனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தி.நகரில் ஒரு கடைக்குப் போனாள்.

கல்லாவில் இருந்த இசக்கியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, “கரண்ட் போனா கம்ப்யூட்டர ஒழுங்கா அணைக்கிற அளவுக்குத்தான் இது தாங்கும்மா. பல்ப மாட்டிக் காட்டட்டா? எத்தன நிமிசம் எரியுதுன்னு கண்ணால பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க,” என்றாள்.

“மாட்டு பி.இ., பாத்துருவோம்,” என்றாள் ஜெயபாரதி.

செம்பியனுக்குச் சுருக்கென்றது. பல்பை மாட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கா நாலு வருடம் படித்தான்? “அதெல்லாம் வேணாம்மா. நான் ட்ரிபிள் ஈ,” என்று சொல்லி, விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான். பேட்டரி பன்னிரண்டு வோல்ட், ஏழு ஆம்பியர் மணி. பெருக்கினால் எண்பத்துநாலு. கணினி இழுப்பது எண்பது வாட் இருக்கும். “ஒரு மணி நேரம் தாங்கும்க்கா.”

எண்பது என்பது அவன் வாய்க்கு வந்த எண். அளந்து பார்த்ததில்லை. சின்ன பேட்டரியில் வேகமாக உறிஞ்சினால் கணக்கில் உள்ளது பாதிகூடக் கைக்கு வராது என்று எந்தப் புத்தகத்திலோ படித்திருந்தான்; அது தேர்வோடு போய்விட்டது.

இசக்கியம்மாள் பல்பை எடுத்து உள்ளே வைத்தாள். “படிச்ச புள்ள சொல்லுது. நமக்கென்ன.”

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. பராமரிப்பு வேலைக்காக ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை மின்சாரம் இருக்காது என்று முன்பே அறிவித்திருந்தார்கள். பத்தரைக்கு டியூஷன் சென்டரில் பன்னிரண்டாம் வகுப்புக்கு மாடல் தேர்வு. கடைசி இரண்டு பக்கம் பாக்கி. அபிராமபுரத்தில் கரண்ட் இருக்கும், சென்டருக்கே வந்து அடிக்கச் சொன்னார் ராம்குமார். “எதுக்கு சார்? நம்மாண்ட யூ.பி.எஸ். கீது. ஒரு அவர் தாங்கும்னு பி.இ. சொல்லிக்கீறாரு,” என்றாள்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. யூ.பி.எஸ். கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது. செம்பியன் கீழே வந்து, “கத்தட்டும்க்கா, நேரம் இருக்கு,” என்றான். ஒன்பது பதினொன்றுக்கு, அவள் பென்டிரைவில் சேமிப்பதற்கு அழுத்திய அதே நொடியில், திரை கறுத்தது.

அவசரமாக இருவரும் ஆட்டோவில் சென்டருக்குப் போய் அங்கே பென்டிரைவைச் செருகினார்கள். கோப்பு திறக்கவில்லை. அதுவரை அடித்திருந்த எட்டுப் பக்கமும் போயிற்று. அறுபது பிள்ளைகள் வெறும் விடைத்தாளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“ஒரு மணி நேரம்னு நீங்கதானே சொன்னீங்க? என்ன ஆச்சு?” ராம்குமார் கோபப்படக்கூட இல்லை, செம்பியனிடம் காரணம்தான் கேட்டார்.

தப்பு என்னுடையது என்பதற்கு இரண்டு சொல் போதும். செம்பியன் வாயிலிருந்து வந்தது வேறு. “யூ.பி.எஸ்ல பிரிண்டரையும் சேர்த்து மாட்டியிருக்காங்க சார். லோடு ஜாஸ்தி ஆயிருக்கும்.”

ஜெயபாரதி அவனைப் பார்த்தாள். “பிரிண்டர் மாட்டலயே, பி.இ.,” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில். ராம்குமாரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

“இவ்வளவு அஜாக்கிரதையா இருந்தா எப்படிம்மா?” என்றார் அவர். அடுத்த வாரம் தாள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அந்த நாட்களில் செம்பியன் அவள் வீட்டைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினான். ஒரு ஞாயிறு காலை கதவு திறந்திருந்தது. யூ.பி.எஸ். பலகைமேல் இருந்தது. அதில் ஜெயபாரதியின் அம்மா மீன் தட்டுக்கு மேலே தொங்கவிடும் குண்டு பல்பு மாட்டி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் போனில் நேரம் ஓடியது. தலைமுடியை முடிந்துகொண்டு அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வா பி.இ. பதினாலு ஆச்சு. இந்த பல்பு நூறு. கம்ப்யூட்டரு இன்னும் ஜாஸ்தி துன்னும் போலக்கீது, அதான் பதினொண்ணுல கவுந்துச்சு.”

அவன் வாசலிலேயே நின்றான். “எனக்குத் தெரியாதுக்கா. அன்னைக்குக் கடையிலயும் தெரியாது.”

“தெரியாதுன்னு சொல்லிருந்தா பல்ப மாட்டிருப்போம். அவ்ளோதான,” என்றாள். பல்பு மங்கிச் சிவந்து அணைந்தது. “பதினெட்டு. பிரிண்டர் மேல ஏன் பழி போட்ட? அதான் ஒரு மாதிரி ஆயிட்ச்சு.”

மறுநாள் செம்பியன் அபிராமபுரம் போய், பிரிண்டர் மாட்டியிருக்கவில்லை, கணக்குப் போட்டதும் பொய் சொன்னதும் தான்தான் என்று ராம்குமாரிடம் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி. இப்ப வேற ஆள் போட்டாச்சு. அந்தப் பையனுக்குப் பிராக்கெட் மூடத் தெரியல, ஆனா வாக்குக் குடுத்துட்டேன்.”

ஜெயபாரதி இப்போதும் மந்தைவெளியில் அதே கீழ் வீட்டில்தான் இருக்கிறாள். கல்லூரி மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் அடித்துக் கொடுக்கிறாள். கணக்குத் தாள் எதுவும் வருவதில்லை. யூ.பி.எஸ். மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, ‘கம்ப்யூட்டர் 11 நிமிஷம்’ என்று பேனாவால் எழுதியிருக்கிறாள். செம்பியன் மாடியில் இருக்கிறான். கதவில் இருந்த சீட்டை உரித்துவிட்டான். அவள் இன்னும் அவனைப் பி.இ. என்றுதான் கூப்பிடுகிறாள்.