பனிச்சங்கேணியிலிருந்து மட்டக்களப்புக்கு: ஒரு தடுப்பூசிக்கு நான்கு பயணங்கள்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் நான் எழுதுவது எந்தப் பாலத்தடியில் நண்டு மலிவு, எந்தக் கடற்கரைக்கு எந்த பஸ்ஸில் போகலாம் என்பதைப் பற்றித்தான். இந்த முறை ஊர் பார்க்கப் போகவில்லை. நானும் என் தோழி றிஸ்னாவும் எச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொள்வதற்காக மட்டக்களப்புக்குப் போய்வந்தோம். மூன்று ஊசிக்கு மூன்று பயணம் போதும். எங்களுக்கு நான்கு ஆனது. அந்த நான்காவது எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் உங்களில் யாராவது இதை நம்பிப் புறப்படக்கூடும் என்பதால் தகவல்களை இரண்டு தடவை சரிபார்த்திருக்கிறேன்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் பனிச்சங்கேணியில் ஓர் இறால் பண்ணையில் வேலை செய்கிறேன். கலியாணம் ஆகவில்லை. றிஸ்னா ஓட்டமாவடியில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறாள். கணவர் கட்டாரில். ஒரே மகள், ஆறாம் வகுப்பு. உயர்தரம் இருவரும் வாழைச்சேனையில் ஒரே வகுப்பில் படித்தோம். இருவருக்கும் இப்போது முப்பத்தாறு வயது.

போன வருடம் றிஸ்னாவின் ராத்தா, அதாவது மூத்த சகோதரி, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் மௌத்தானார். கண்டுபிடித்தபோதே கைமீறிப் போயிருந்தது. கடைசி மூச்சு வரை ஆஸ்பத்திரியில் ராத்தாவோடு நின்றவள் றிஸ்னாதான். இந்த வருடம் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இந்த நோய்க்கான தடுப்பூசியை இலவசமாகப் போட்டார்கள். அன்றைக்கே எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"புள்ளைக்குப் போட்டாச்சு. அப்ப எனக்கு?"

அவர்களுடைய பகுதியில் வீடு வீடாக வந்து பார்க்கிற அரசாங்க மருத்துவமாதுவிடம் கேட்டாளாம். அரசாங்கம் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் கொடுக்கிறது, பெரியவர்கள் தனியாரில் போட்டுக்கொள்ளலாம், டொக்டரிடம் கதையுங்கள் என்று அவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். "தனியாப் போக ஒரு மாதிரிக் கிடக்கு, நீயும் வா" என்றாள் றிஸ்னா. துணைக்குப் போவதாகத்தான் ஒத்துக்கொண்டேன். இரண்டு நாள் வாசித்துப் பார்த்த பிறகு எனக்கும் போடலாம் என்று முடிவு செய்தேன்.

மட்டக்களப்பு நகரத்தில் உள்ள ஒரு தனியார் வைத்தியசாலைக்கு முதலில் தொலைபேசி எடுத்தோம். பெயர் எழுதப் போவதில்லை. "ஊசி இருக்கு, வாங்க" என்றார்கள்.

பனிச்சங்கேணியிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ ஐம்பத்தைந்து கிலோமீற்றர். காலை ஆறரைக்குப் பாலத்தடியில் பஸ் ஏறினேன். மாங்கேணியில் மீன்பெட்டிகளோடு நாலைந்து பேர் ஏறினார்கள். அதோடு உட்கார இடமில்லை. (வாகரைப் பக்கமிருந்து வருகிறவர்கள் முன்வாசலால் ஏறி வலதுபக்கம் உட்காருங்கள். இடதுபக்கம் ஓட்டமாவடிப் பாலம் வரை வெயில் அடிக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், போய்வந்த நான்கு நாளும் நான் வெந்தேன்.) ஓட்டமாவடியில் றிஸ்னா ஏறினாள். கிரான், ஏறாவூர் தாண்டி நகரத்தில் இறங்கும்போது ஒன்பது மணியாகிவிட்டது.

வரவேற்பில் இருந்த பெண் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"புள்ளையக் கூட்டி வரல்லையா?"

"எங்களுக்குத்தான் ஊசி" என்றேன்.

அவர் திரும்பி உள்ளே இருந்தவரிடம் உரத்த குரலில் சொன்னார்: "எச்.பி.வி. ஊசிக்கு ரெண்டு பேர் வந்திருக்காங்க. பெரிய ஆக்கள்."

காத்திருந்த அத்தனை பேரும் எங்களைப் பார்த்தார்கள். றிஸ்னா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஊசி இருக்கிறது, ஆனால் டொக்டர் எழுதித் தந்தால்தான் போடலாம் என்றார்கள். அது நியாயம். டொக்டருக்கான கட்டணத்தைக் கட்டிவிட்டு ஒன்றரை மணித்தியாலம் இருந்தோம்.

வைத்தியர் வயதானவர். என்னைத்தான் முதலில் கேட்டார்.

"கலியாணம் முடிச்சிட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப உங்களுக்கு ஏன் இந்த ஊசி? இது எப்பிடித் தொத்துறதெண்டு தெரியுமா?"

"தெரியும், டொக்டர்."

"தெரிஞ்சுகொண்டா கேக்கிறீங்க?"

எனக்குக் காது இரண்டும் சுட்டது. முப்பத்தாறு வயதில், சொந்த உழைப்பில் வாழ்கிற ஒருத்தி, களவெடுத்துப் பிடிபட்டவளைப் போல அந்தக் கதிரையில் இருந்தேன். என் பதிலுக்கு நில்லாமல் அவர் றிஸ்னாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க?"

"கலியாணம் முடிச்சுப் பன்னெண்டு வருஷம். ஒரு மகள்."

"அப்ப உங்களுக்கு இனிப் பிரயோசனமில்ல. மகளுக்குப் போடுங்க."

"அவக்கு ஸ்கூல்ல போட்டாச்சு."

"பிறகென்ன."

றிஸ்னா, தையலுக்கு அளவு கேட்பதுபோல அமைதியாகக் கேட்டாள். "டொக்டர், கலியாணம் முடிக்காதவக்கும் வேணாம், முடிச்சவக்கும் வேணாம் எண்டா, வளந்த பொம்பிளைக்கு இது எப்பதான்?"

"மாப்பிள்ளை என்ன செய்றார்?"

"கட்டார்ல நிக்கிறார்."

"அவர் லீவில வரக்குள்ள ரெண்டு பேருமா வந்து கதைங்க."

"ஊசி எனக்குத்தானே, டொக்டர்."

அவர் மணியை அழுத்தி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ராத்தாவைப் பற்றிச் சொல்ல றிஸ்னாவுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. கர்ப்பமா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா, முன்பு ஏதாவது சோதனை செய்தீர்களா என்று ஒன்றும் கேட்கப்படவில்லை. எங்கள் உடம்பைப் பற்றி அந்த அறையில் ஒரு கேள்விகூட வரவில்லை. எங்கள் மாப்பிள்ளைமாரைப் பற்றி மட்டும்தான் வந்தது. இருக்கிற மாப்பிள்ளையைப் பற்றியும் இல்லாத மாப்பிள்ளையைப் பற்றியும்.

வெளியே வந்து வாவிக் கரையில் ஒரு கடையில் பிளேன்ரீ குடித்தோம். நான் பேசிக்கொண்டே இருந்தேன். கடைசியில், "வீட்ட போவமா?" என்று கேட்டேன்.

"இல்ல. இண்டைக்கு வேலய விட்டுட்டு வந்த நாம. இன்னொரு டொக்டரக் கண்டுட்டுத்தான் போறது."

முன்னால் நின்ற ஓட்டோக்காரரிடம் பெண் வைத்தியர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டோம். "ஆருக்கு வருத்தம்?" என்றார். "ஒருத்தருக்கும் இல்ல, ஊசி போட" என்றாள் றிஸ்னா. "கல்லடியில ஒரு லேடி டொக்டர் இருக்கா. என்ட மனிசியையும் அங்கதான் காட்டுறன்" என்று சொல்லிப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டார்.

வீட்டின் முன்பக்கத்தை மாற்றியமைத்த சிறிய கிளினிக். வைத்தியருக்கு எங்களைவிட வயது குறைவாக இருக்கும். றிஸ்னா உட்கார்ந்ததும் இந்த முறை ராத்தாவிலிருந்தே தொடங்கினாள். வைத்தியர் இடையில் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கர்ப்பமா, ஒவ்வாமை உண்டா, ஊசி போட்டால் மயக்கம் வருவதுண்டா என்று இருவரையும் கேட்டார்.

"எனக்குத் தேவை இவ்வளவுதான்" என்றார். "இனி நான் சொல்றதக் கேளுங்க. இந்த ஊசி சின்ன வயசில, வைரஸ் தொத்த முதல் போட்டாத்தான் முழுப் பலன். உங்கட வயசில பலன் குறைவு, ஆனா ஒண்டுமில்லையெண்டு இல்ல. ஏற்கெனவே தொத்தின வகை இருந்தா அத இது சுகப்படுத்தாது. தொத்தாத வகைக்குப் பாதுகாப்புத் தரும். விலையும் கூட. யோசிச்சுப் போட்டுச் சொல்லுங்க, அவசரமில்ல."

"நாங்க யோசிச்சுத்தான் வந்த" என்றேன்.

"அப்ப போடுவம். இன்னொண்டு. ஊசி போட்டாலும் கருப்பைக் கழுத்துச் சோதனை கட்டாயம் செய்யணும். அது வேற, இது வேற. ரெண்டு பேரும் முப்பத்தஞ்சு தாண்டிட்டீங்க. பொம்பிளைகளுக்கெண்டே அரசாங்கம் நடத்துற சுகவனிதையர் கிளினிக் உங்கட இடத்திலயும் இருக்கு, இலவசமாச் செய்வாங்க."

அங்கிருந்த பத்து நிமிடத்தில் கலியாணம் என்ற சொல் ஒரு தடவையும் வரவில்லை. எனக்கு அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. இவ்வளவு இலகுவான ஒரு விடயத்தை எதற்காக அப்படி ஆக்கினார்கள்? றிஸ்னா இல்லாமல் நான் தனியாக வந்திருந்தால் முதல் வைத்தியரோடே திரும்பிப் போயிருப்பேன். திரும்பிப் போன மற்றவர்கள் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்?

ஊசி அங்கே கையிருப்பில் இருக்கவில்லை, இருந்த இடத்துக்குத் திரும்பிப் போக எங்களுக்கு மனமும் இல்லை. முன்கூட்டிச் சொல்லி எடுப்பிக்க வேண்டும். அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். அதுதான் முதற் பயணம், வெறுங்கையோடு.

மற்ற மூன்று பயணங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதுதான் அவற்றின் சிறப்பு. இரண்டாவது பயணத்தில் முதல் ஊசி. குளிரூட்டியிலிருந்து எடுத்த பெட்டியைத் தாதி எங்கள் முன்னால் உடைத்துக் காலாவதித் திகதியைக் காட்டினார். பண்ணையில் ஐஸ்பெட்டியோடு மல்லுக்கட்டுகிற எனக்கு அது பிடித்திருந்தது. மேற்கையில்தான் போடுவார்கள். போட்டபின் கால்மணித்தியாலம் உட்கார வைத்தார்கள். அன்று மாலை கை கனத்தது, அடுத்த நாள் சரியாகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து இரண்டாவது ஊசி போட வேண்டியிருந்தபோது மருந்து வரத் தாமதம் என்று நாங்கள் புறப்பட முதலே தொலைபேசியில் சொல்லி நாளை மாற்றினார்கள். மூன்றாவதை முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதம், போன கிழமைதான் போட்டோம். திரும்பும்போது ஏறாவூரில் இறங்கி நன்றாகச் சாப்பிட்டோம்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. பதினைந்து வயது தாண்டியவர்களுக்குப் பொதுவாக மூன்று ஊசி. கர்ப்பமாக இருந்தால் இப்போது போட மாட்டார்கள். தொலைபேசியில் "இருக்கு" என்றால் போதாது, உங்கள் பெயருக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். விலையை இங்கே எழுதவில்லை, ஏனென்றால் மூன்று தடவையும் ஒரே விலை இல்லை. ஒரு ஊசியே என் சம்பளத்தில் கால்வாசிக்கு மேல் போனது. அதனால் எல்லோரும் கட்டாயம் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பத்துப் பதினொரு வயதுப் பெண்பிள்ளை வீட்டில் இருந்தால், பள்ளிக்கூடத்தில் இலவசமாகத் தருவதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். மாப்பிள்ளையோடு வரச் சொல்கிற வைத்தியரிடமிருந்து எழும்பி வந்துவிடுங்கள். வளர்ந்த பெண்ணுக்கு ஊசி போட வேறு யாருடைய சம்மதமும் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. இரண்டாவது ஊசிக்கும் மூன்றாவதற்கும் இடையில் நாங்கள் இருவரும் அவரவர் இடத்துச் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய்ச் சோதனை செய்துகொண்டோம். இருவருக்கும் பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்துத்தான் றிஸ்னாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ராத்தாட வீட்டால இருந்து அந்தக் கிளினிக்குக்கு நடந்து போகலாம், தெரியுமா?" என்றாள். "மருத்துவமாது ரெண்டு மூணு தரம் வீட்ட வந்து கூப்பிட்டவ. ராத்தாதான் போகல்ல. அங்க போனா என்னெல்லாம் கேப்பாங்களோ, பாக்கிற சனம் என்ன நினைக்குமோ எண்டு வெக்கம்."

அந்த வெட்கம் ராத்தாவுக்குத் தானாக வந்ததில்லை. அதை உண்டாக்கிய கேள்விகளைத்தான், படித்த ஒரு மனிதர், கட்டணம் வாங்கிக்கொண்டு, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து எங்களிடமும் கேட்டார்.