நான்கு நிஜப் பொத்தான்கள்

என் மனைவிக்கு நான் புருஷன் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். முதலில் நான் துணி மாட்டிப் பார்க்கிற பொம்மை. இருபத்திரண்டு வருடமாகக் குண்டூசிக் குத்து வாங்கியவன் சொல்கிறேன், நம்புங்கள்.

அவளுக்கு வேலை தபால் அலுவலகத்தில், பார்சல் பிரிவு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் தையல் இயந்திரத்தின் உறையைக் கழற்றிவிடுவாள். வெளியாருக்கு ஒரு தையல்கூடப் போடமாட்டாள், குடும்பத்துக்கு மட்டும்தான். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒருவருக்கென்று வெட்டிவைத்த பழுப்புக் காகித அளவு தொங்கும். என்னுடையதன்மேல் 'தொப்பை' என்று எழுதியிருக்கிறாள். அவள் அண்ணனுடையது 'டிரைவர்'. அண்ணன் மகளுடையது 'குச்சி'.

இது போதாதென்று பழங்காலத்து உடை வேறு. ஒருநாள் அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியத்தின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றாள். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. முந்நூறு வருடத்துக்கு முந்தைய கோட்டு, பாவாடை, சட்டை எல்லாவற்றையும் நூலகப் புத்தகங்களைப் பார்த்துத் தைத்து, எங்களுக்கு மாட்டி, ஜன்னலோரம் நிற்கவைத்துப் படம் எடுப்பாள். அப்படி நான் முழங்கால்வரைக் கால்சட்டையும் தொளதொளச் சட்டையுமாக நின்ற நேரத்தில் கேஸ் சிலிண்டர்காரர் வந்துவிட்டார். மானம் கப்பலேறியது. அதற்குப் பிறகு மணி அடித்தால் நான் கதவைத் திறக்கப் போவதில்லை.

மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். அவள் அண்ணனைத்தான் சொல்கிறேன். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து பல வருடமாயிற்று. அடுத்த தெருவில் மகளோடு இருந்தார். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அவருக்கு மகள்தான் சட்டை போட்டுவிடுவாள். ஒருநாள் அவள் பொத்தான் மாட்டிக்கொண்டிருக்கும்போதே, அவளுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் உள்ளே நுழைந்துவிட்டார்கள். அவர்கள் பாவம், ஒன்றும் சொல்லவில்லை. மச்சான்தான் கூனிக்குறுகிப் போனார்.

"கல்யாணத்தன்னைக்கு என் பொண்ணு எனக்குச் சட்டை மாட்டிட்டு அப்புறம்தான் தான் உடுத்தணுமா? வேற யாரும் வந்து மாட்டவும் வேணாம். நான் வரலை, விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார்.

பதிவு அலுவலகத்தில் தேதி வாங்கியாயிற்று. மூன்று வாரம்தான் இருந்தது. குச்சி எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். "அப்பா இல்லாம நான் கையெழுத்துப் போடமாட்டேன் அத்தை."

"அழாதடி. உங்கப்பா தானே போட்டுக்கிற மாதிரி ஒரு சட்டை தைக்கிறேன்" என்றாள் என் மனைவி.

முதல் சட்டைக்குப் பொத்தானுக்குப் பதிலாக ஒட்டுப்பட்டை வைத்தாள். மச்சான் ஒருதரம் இழுத்தார், சர்ரென்று சத்தம். "ஏம்மா, இது என்ன சின்னப்பிள்ளை ஷூவா?" என்று மூலையில் போட்டுவிட்டார். இரண்டாவதில் கைகளை அகலமாக வெட்டினாள். எனக்கு மாட்டிப் பார்த்தாள், வழுக்கிக்கொண்டு போனது. "பிரமாதம்" என்று நானும் பெரிய மனுஷன்போலத் தலையாட்டினேன். மச்சானோ கை பாதியில் சிக்க, சட்டை முதுகில் தொங்க, நின்ற இடத்திலேயே சுற்றினார். உதவப் போன தங்கையிடம் "தொடாதே!" என்று கத்தினார். அவர் அவளை அதட்டி நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் என் வலது கையைத் தோளிலிருந்து விரல்வரை துணிப்பட்டையால் சுற்றிக் கட்டினாள். கை மடங்காமல் கட்டைபோலத் தொங்கியது.

"ஐயையோ, என்னடி பண்ணறே?"

"தப்பு என்னோடதுங்க. ரெண்டு கையும் நல்லா இருக்கற ஆளுக்கு மாட்டிப் பார்த்தேன் பாருங்க. இப்ப அந்தச் சட்டையைப் போடுங்க."

போட்டேன், போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன். வியர்த்துக் கொட்டியது. மச்சான் ஒரு வருடமாகப் பட்டது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டைமேல் வந்த கோபத்தில் அதை வீசிவிட்டு, நாற்காலியில் கிடந்த அந்த முந்நூறு வருடத்துத் தொளதொளச் சட்டையை எடுத்தேன். கட்டிய கையை முதலில் நுழைத்து, தலையை விட்டு, மற்றக் கையையும் விட்டேன். முடிந்தது!

அவள் பக்கத்தில் வந்து என் அக்குளைத் தடவிப் பார்த்தாள். அந்தக் காலத்துச் சட்டையில் அங்கே உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைப்பார்களாம். கை எந்தப் பக்கம் திரும்பினாலும் துணி பிடிக்காது. "அட, கையிலேயே வெச்சுக்கிட்டுத் தேடியிருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். என் கட்டை அவிழ்க்க மறந்தே போனாள்.

மூன்றாவது சட்டை பார்வைக்கு இந்தக் காலத்து வெள்ளைச் சட்டைதான். அக்குளில் அந்தச் சதுரம். முன்னால் எட்டுப் பொத்தான், கீழே உள்ள நான்கும் வேஷம், திறக்காது. மேலே நான்கு மட்டும்தான் நிஜம். தலைவழியாகப் போட்டுக்கொண்டு, அந்த நான்கை இடது கையால் மாட்டினால் போதும். மச்சான் வாங்கி வைத்துக்கொண்டார். எங்கள் முன்னால் போட்டுப் பார்க்கவில்லை. "பார்க்கலாம்" என்றார், அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று காலையில் அவரைத் தனியாக விட்டுவிட்டு நாங்கள் எல்லோரும் பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டோம். அது என் மனைவியின் உத்தரவு. பதினொரு மணிக்கு நேரம். பத்தேமுக்கால் ஆயிற்று. குச்சி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போய்க் கூட்டிக்கிட்டு வரவா?" என்று கேட்டேன். "சும்மா இருங்க" என்றாள் என் மனைவி.

எதிரில் பேருந்து வந்து நின்றது. மச்சான் இறங்கினார், வெள்ளைச் சட்டையோடு, ஒற்றை ஆளாக. மேல் பொத்தான் ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தது. காலர் ஒரு பக்கம் ஏறிக் கோணலாக நின்றது. நான் வாயைத் திறந்தேன், என் மனைவி என் காலை மிதித்தாள். ஒரு தையல் கோணினால் மொத்தத்தையும் பிரித்துத் தைக்கிறவள் அவள். அண்ணன் பக்கத்தில் வந்ததும் அவள் கை தானாகக் காலரை நோக்கி எழுந்தது. பாதியில் இறக்கி, முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானே போட்டேன்" என்றார் மச்சான்.

"தெரியுதுண்ணா" என்றாள்.

கையெழுத்தெல்லாம் முடிந்து படம் எடுக்க வரிசையாக நின்றோம். புகைப்படக்காரர் கேமராவை இறக்கிவிட்டு, "ஐயா, அந்தப் பொத்தானைக் கொஞ்சம்..." என்று முன்னால் வந்தார்.

"பொத்தான் சரியாத்தான் இருக்கு. நீங்க படத்தை எடுங்க" என்றாள் என் மனைவி.